சமையல்காரன்தான் கொலைகாரன்

பாளையங்கோட்டை மார்க்கெட்டுக்குப் பின்னால் செண்பகவல்லி ஒரு வாடகை நூலகம் நடத்திவந்தாள். மின்வாரியத்தில் ஓய்வு பெற்ற சங்கரநயினார் அவளிடம் சீடராக வந்து சேர்ந்தார். குருவுக்கு நாற்பது வயது, சீடருக்கு அறுபது தாண்டிவிட்டது. குரு என்றால் தாடி இருக்க வேண்டும் என்று சட்டமா போட்டிருக்கிறது?

ஓய்வு பெற்ற மனிதரிடம் வீட்டில் யாரும் எதுவும் கேட்பதில்லை. கேட்காவிட்டால் அவர் சொல்லாமல் விட்டுவிடுவாராக்கும். சாம்பாரைப் பற்றி ஒரு அபிப்பிராயம், மருமகன் வாங்கிய பைக்கைப் பற்றி ஒரு அபிப்பிராயம். கடைசியில் அவர் மனைவியே, "இதையெல்லாம் கேக்கதுக்கு வேற ஆளப் பாருங்க" என்று சொல்லிவிட்டாள். அன்றையிலிருந்து காலைச் சாப்பாடு முடிந்ததும் அவருக்குப் போக்கிடம் இந்தக் கடை ஒன்றுதான். இதுவும் இல்லையென்றால் பஸ் ஸ்டாண்டில் போய்த்தான் உட்கார வேண்டும்.

அவர் படிக்காதவர் இல்லை, நிறையப் படித்தவர். ஆனால் "இதைப் படிங்க, உலகத் தரம்" என்று அவர் நீட்டிய புத்தகமெல்லாம் மறுநாளே மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பி வரும். செண்பகவல்லி எடுத்துக் கொடுத்தது அக்கா, தங்கை, கொழுந்தியாள் என்று கைமாறி, அட்டை தேய்ந்துதான் வரும்.

ஒருநாள் கேட்டேவிட்டார்.

"இங்க இருக்கதுல பாதிப் புத்தகத்த நீ படிச்சதே இல்ல. பிறகு எப்படித் தாயி ஆளுக்குத் தக்கன எடுத்துக் குடுக்க?"

செண்பகவல்லி மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு ரப்பரை எடுத்துக் கொடுத்தாள்.

"திரும்பி வாரதுல எல்லாம் பென்சில்ல கிறுக்கி வச்சிருக்காங்க. அழிங்க அண்ணாச்சி."

உபதேசம் கேட்டால் எடுபிடி வேலை கொடுக்கிறாளே என்று அவருக்கு ஒரு மாதிரி இருந்தது. இருந்தாலும் உட்கார்ந்து அழித்தார். 'சரியான அறுவை' என்று ஒருத்தர். 'கதாநாயகி கன்னத்தில் ரெண்டு வைக்கணும்' என்று ஒருத்தர். 'அழுதுவிட்டேன்' என்று ஒரு பக்கத்தில் இருந்தது. அதற்குக் கீழே வேறு கையெழுத்தில் 'நானும்'.

"ஐம்பதாம் பக்கத்துல ஒரு சின்னப் புள்ளி இருக்கே, அது என்னது?"

"அது மல்லிகா அக்கா அடையாளம். படிச்சதையே திரும்ப எடுத்துரக் கூடாதுன்னு வச்சது. அத அழிச்சிராதீங்க."

அழிக்க அழிக்க அவருக்குக் கை அரித்தது. எவன் எவனோ எழுதுகிறான், ஒன்றிலாவது ஆணித்தரமாக ஒரு தீர்ப்பு உண்டா? விவரம் தெரிந்தவன் எழுதினால் நாலு பேருக்குப் பிரயோஜனமாக இருக்காதா? இப்படித்தான் ஆரம்பித்தது. நுணலும் தன் வாயால் கெடும். இவர் பென்சிலால் கெட்டார்.

அப்போது ஊரே 'தாழங்காட்டு பங்களா' என்று ஒரு தொடர் நாவல் படித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு பாகத்திலும் கொலை விழும், கொன்றது யார் என்று அந்தந்தப் பாகத்தின் கடைசியில்தான் தெரியும். ஏழாம் பாகம் வந்திறங்கியது, ஒரே ஒரு பிரதி. ஊர் கொண்டாடினால் சங்கரநயினாருக்கு ஆகாது. 'அப்படி என்னத்த எழுதிக் கிழிச்சிருக்கான்' என்று எடுத்துப் புரட்டினார். கொஞ்ச நேரத்தில் மூடினார். பென்சிலை எடுத்து, பங்களாவின் சமையல்காரன் முதன்முதலாக வரும் பக்கத்தில், கட்டம் போட்டு எழுதினார்: 'இவன்தான் கொலைகாரன். மேற்கொண்டு படித்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.' கீழே இரண்டு கோடு.

அவர் பென்சிலைக் கீழே வைக்கவும் நர்ஸ் ரோஸ்லின் உள்ளே நுழையவும் சரியாக இருந்தது.

"ஏழாம் பாகம் வந்துட்டா அக்கா?"

"உனக்குத்தான் எடுத்து வச்சிருக்கேன்" என்று செண்பகவல்லி அந்தப் புத்தகத்தை எடுத்து நீட்டினாள்.

ரோஸ்லின் அதை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "நாளைக்கு லீவு போட்டிருக்கேன். வீட்ல சமையல் கிடையாதுன்னு சொல்லிட்டேன். வார்டுல எத்தனை நாளா இத நெனச்சுக்கிட்டேதான் ஓடியாடிக் கெடந்தேன் தெரியுமா? முடிவு மட்டும் யாரும் என் காதுல போட்டுறக் கூடாதுன்னு பேப்பர்ல வந்த விமர்சனத்தக்கூடப் பிரிக்கலை."

சங்கரநயினார் அவசரமாகக் கையை நீட்டினார்.

"சிஸ்டர், அதுல ரெண்டு பக்கம் கிழிஞ்சிருக்கு. குடுங்க, ஒட்டித் தாரேன்."

"கிழிஞ்சா கிழிஞ்சிட்டுப் போகுது அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு அவள் ஸ்கூட்டியில் ஏறிப் போயேவிட்டாள்.

செண்பகவல்லியிடம் சொல்ல வாய் வரவில்லை. போன வருஷம் ஒரு வக்கீல் இதே மாதிரி ஒரு கதையின் முடிவை முதல் பக்கத்தில் எழுதிவைத்தார். அவருடைய உறுப்பினர் அட்டையை வாங்கி நாலாகக் கிழித்துப் போட்டுவிட்டு, "இந்தப் பக்கம் வராதீங்க சார்" என்றவள் இவள். வக்கீலுக்குக் கோர்ட்டு இருந்தது, போய்விட்டார். நமக்கு எது இருக்கிறது என்று நினைத்துக்கொண்டார் சங்கரநயினார்.

மறுநாள் சாயங்காலமே ரோஸ்லின் வந்துவிட்டாள். புத்தகத்தை மேசைமேல் போட்டு அந்தப் பக்கத்தைத் திறந்தாள்.

"எவன்க்கா இதுல எழுதினது?"

செண்பகவல்லி குனிந்து படித்தாள். கட்டத்தைப் பார்த்தாள், கீழே இருந்த இரண்டு கோடுகளையும் பார்த்தாள். பிறகு புத்தகத்தை அலமாரிப் பக்கம் திருப்பினாள். அங்கே சங்கரநயினார் ஒரே புத்தகத்தை மூன்றாவது தடவையாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, இது யாரு கையெழுத்து?"

வக்கீல் மேல் பழியைப் போட்டுவிடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. நாக்கு புரளவில்லை.

"என்னுதுதான்."

ரோஸ்லின் அவரையே பார்த்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

"நீங்க நல்லா இருப்பீங்க அண்ணாச்சி. மொதல்ல பாத்ததும் ஒங்கள, யாருன்னு தெரியாமலே, ஏழு தலைமுறைக்கும் ஏசினேன். போச்சு, எல்லாம் தெரிஞ்சு போச்சு, இனி என்னத்தப் படிக்கன்னு இருந்துது. சரி, லீவு போட்டாச்சேன்னு மேல படிச்சேன். அந்தச் சமையல்காரன் காப்பி கொண்டு வரும்போதெல்லாம் எனக்குக் கை நடுங்குது. அடுத்து யாரக் கொல்லப் போறானோன்னு அவன் மேலயே கண்ணா இருக்கேன். கடைசில பாத்தா..."

"கடைசில?" என்றார் சங்கரநயினார்.

"அவனையே கொன்னுட்டாங்க அண்ணாச்சி. பாவம், அவன் ஒரு தப்பும் செய்யலை. நான் நாற்காலிய விட்டு எந்திரிச்சு நின்னுட்டேன். எங்க வீட்டுக்காரர் என்னமோ ஏதோன்னு ஓடி வாரார். ஏழு பாகத்துலயும் இது மாதிரி ஒண்ணு நான் படிச்சதில்ல."

"அப்ப யாரு கொன்னது?"

"அத என் வாயால சொல்ல மாட்டேன்" என்று ரோஸ்லின் எழுந்தாள். "அக்கா, அடுத்த தடவை வரும்போது அண்ணாச்சி எத வேண்டாம்னு சொல்லுதாரோ அத எடுத்து வைங்க."

அவர் வயிற்றில் பாலை வார்த்துவிட்டு அவள் போனாள். சங்கரநயினார் அந்த நாற்காலியிலேயே தொப்பென்று உட்கார்ந்தார். தோள் துண்டால் முகத்தைத் துடைத்தார். இத்தனை வருஷத்தில் தான் சொன்னது தப்பாகப் போனதற்காக அவர் சந்தோஷப்பட்டது இதுதான் முதல் தடவை.

செண்பகவல்லி புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏசணும்னா ஏசிரு தாயி."

"சமையல்காரன்தான்னு எப்படி முடிவு பண்ணுனீங்க?"

"திருட்டு முழின்னு எழுதியிருந்தான்."

"எதுவரைக்கும் படிச்சீங்க?"

அவர் தரையைப் பார்த்தார்.

"அந்த முழி வரைக்கும்."

செண்பகவல்லி தலையை ஆட்டினாள். முகத்தில் கோபமா சிரிப்பா என்று அவருக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை. சட்டைப் பையிலிருந்து தன் உறுப்பினர் அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"வக்கீலுக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயம் இருக்கக் கூடாது. கிழிச்சிரு. ஆனா ஒண்ணு கேக்கேன். சாயங்காலம் மட்டுமாவது வந்து கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போகட்டுமா? வாயே தெறக்க மாட்டேன்."

அவள் அட்டையை எடுத்தாள். 'தாழங்காட்டு பங்களா' ஏழாம் பாகத்துக்குள் செருகி, புத்தகத்தை அவர் பக்கம் தள்ளினாள்.

"இது வேற ஆளுக்குச் சொல்லி வச்சதில்லையா?" என்றார் அவர்.

"ஆமா, மல்லிகா அக்கா கேட்டிருக்கு. நல்லா இருக்கும்னு சொல்லி வச்சிருக்கேன்."

"நீ படிச்சிட்டியா?"

"எங்க நேரம்?"

"பிறகு எத வச்சு நல்லா இருக்கும்னு சொன்ன?"

"படிச்சிட்டு வாரவங்க சொல்லுததக் கேட்டுத்தான்" என்றாள் செண்பகவல்லி. "நாளைக்கு வரும்போது முழுசா முடிச்சிட்டு வாங்க அண்ணாச்சி. யாரு கொன்னதுன்னு எனக்கும் தெரியணும்லா."