கரையான் தின்ற கதவு

கடலும் வானமும் ஒரே நிறமாகக் கரைந்து கிடந்த ஒரு தவக்கால நண்பகலில், கயித்தான் தன் ஊருக்குத் திரும்பி நடந்துகொண்டிருந்தான். கதை கேட்கிறவர்களும் அவனோடு மெதுவாக நடந்து வாருங்கள். வழியில் கிடப்பது எதையும் பார்க்காமல் விட்டுவிடாதீர்கள். கடைசியில் ஒரு கேள்வி நிற்கிறது.

முன்னால் போனவன் அண்ணன் இஞ்ஞாசி. கொச்சித் துறைமுகத்தில் ஐஸ் உடைத்துக்கொண்டிருந்த தம்பியைத் தேடிக் கண்டுபிடித்து அழைத்து வருகிறவன். மணலின் மேல் வெயில் அலை அலையாக எழுந்தது. அண்ணனின் முதுகு அதில் மூழ்குவதும் மிதப்பதுமாக இருந்தது.

கயித்தான் ஊரைவிட்டுப் போனது சில வருசங்களுக்கு முன்பு, மாதா கோயில் கொடியேற்றத்தன்று. ஊரே கூடி நின்ற கோயில் முற்றத்தில், குடிவெறியில், தகப்பனைக் கன்னத்தில் அறைந்துவிட்டான். தகப்பன் தொம்மந்திரை அந்தக் கோயிலின் கோயில்பிள்ளை. மணி அடிப்பதும், விடிந்ததும் ஊருக்குக் கோயில் கதவைத் திறந்துவிடுவதும் அவர் வேலை. அவர் திருப்பி அடிக்கவில்லை. வீட்டுக்கு வந்து வேதப்புத்தகத்தின் மேல் கையை வைத்தார்.

"இவன் திருந்தி வந்து முட்டி போட்டாலும் சரி, இந்தக் கையால இவனுக்குக் கதவைத் திறக்க மாட்டேன். சத்தியம்."

வெளியே நின்ற கயித்தானின் முகத்துக்கு நேராகக் கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்தது.

அந்தக் கதவு அவனோடு கொச்சிக்கும் போனது. கண்ணை மூடினால் வந்து நிற்கும்: தேக்குப் பலகை, நடுவில் பித்தளை வளையம், கீழ் ஓரத்தில் சின்ன வயதில் அவன் ஆணியால் கீறிய தோணி. கனவில் தட்டிக்கொண்டே இருப்பான். உள்ளே யாரோ மூச்சுவிடுவது கேட்கும், ஆனால் கதவு அசையாது. குடியை விட்ட பிறகும் அந்தக் கனவு மட்டும் அவனை விடவில்லை.

"ஏல, அப்பா வான்னு சொல்ல மாட்டாரு," என்றான் இஞ்ஞாசி. "அவரு சத்தியம் அப்படி. வாசல்லயே அம்மாவப் பாத்துட்டு எங்க வீட்டுக்கு வந்துரு. உங்க மைனி சோறாக்கி வச்சிருக்கா."

"இல்லண்ணே. அங்க நின்னு தட்டி, அவர்ட்ட மன்னிப்புக் கேக்கணும்."

"ஏல, எதைத் தட்டுவ?" என்று இஞ்ஞாசி திரும்பிப் பார்த்தான். அதற்குள் கோயிலில் நண்பகல் செபத்துக்கு மணி அடிக்கத் தொடங்கியது.

வீட்டின் முன் வந்து, தட்டுவதற்குக் கயித்தான் கையை ஓங்கினான். கை காற்றில் விழுந்தது. நிலை மட்டும் நின்றது. துருவேறிய கீல்கள் எதையும் பிடித்திருக்கவில்லை. வாசற்படியில் படுத்திருந்த நாய் ஒன்று தலையைத் தூக்கி அவனைப் பார்த்துவிட்டு, எழுந்து வழிவிட்டது. இதுவும் கனவுதானோ என்று அவன் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அம்மா சலேத்து ஈரக் கையோடு ஓடி வந்து முதுகில் நாலு வைத்தாள். பிறகு கட்டிக்கொண்டு அழுதாள்.

"கதவு எங்கம்மா?"

"அந்த அநியாயத்தக் கேக்காத. நீ போனியே, அந்தத் திருநாள் கொடி இறங்குறதுக்குள்ள, கரையான் தின்னுட்டுன்னு கழட்டிப் போட்டுட்டாரு மனுசன். புதுசு ஒண்ணு போடுமேன்னா காதுலயே வாங்க மாட்டாரு. மழை உள்ள, மண்ணு உள்ள, ஊர் நாயெல்லாம் உள்ள! அந்தா கெடக்கு, நெத்திலி காயப் போட்டிருக்கேன்."

முற்றத்தில் கதவு மல்லாந்து கிடந்தது. கயித்தான் குனிந்து மீனை ஒதுக்கினான். தோணி இருந்தது. வெயிலிலும் மழையிலும் பலகை சாம்பல் நிறமாகியிருந்தது. விரலால் தடவிக்கொண்டே போனான். ஓர் ஊசித்துளைகூட இல்லை.

"நீ இல்லாத முதல் கிறிஸ்மஸ்லருந்து வெள்ளிக்கெழம நான் பச்சத்தண்ணி குடிக்கல," என்றாள் அம்மா. "மாதாதான் கொண்டாந்து விட்டா."

"மாதாவா ஐஸ் கம்பெனி ஐஸ் கம்பெனியா ஏறி எறங்குனா? நாந்தான்," என்றான் இஞ்ஞாசி.

போன வருசம் குடியை விட்ட நாளைக் கயித்தான் நினைத்துக்கொண்டான். அன்று மனம் திரும்பாமல் இருந்திருந்தால், அண்ணன் அழைத்தபோது கிளம்பியிருப்பானா?

கோயில் மணி இன்னும் ஓயவில்லை. செபம் சொல்லி முடிக்கிற நேரமும் கடந்து, அது பாட்டுக்கு அடித்துக்கொண்டே இருந்தது. "இவருக்கு என்ன, கிறுக்கு புடிச்சிட்டா?" என்று அம்மா கோபுரத்தை அண்ணாந்து பார்த்தாள். அங்கிருந்து பார்த்தால் கடற்கரை வழி முழுதும் தெரியும். மணி சட்டென்று நின்றது.

தொம்மந்திரை மூச்சு வாங்க வந்து நின்றார். கயித்தான் வலது கையை நீட்டினான். "அப்பா, இந்தக் கையாலதான் உங்கள அடிச்சேன்."

அவர் அந்தக் கையைப் பிடித்தார். வெகுநேரம் விடவில்லை. பிறகு வேறு எங்கோ பார்த்துக்கொண்டு, "மீனைக் காக்கா தூக்குது. உள்ள போயிச் சாப்பிடு," என்றார்.

"அப்போ சத்தியம்?" என்றான் இஞ்ஞாசி.

"நான் எங்கல கதவத் திறந்தேன்?"

இப்போது சொல்லுங்கள். அம்மாவின் விரதமா, அண்ணனின் அலைச்சலா, கயித்தானின் மனந்திரும்புதலா, அல்லது திறக்கவே மாட்டேன் என்ற தகப்பனா, அவனுக்கு முதலில் வழி திறந்தது யார்? சத்தியம் நின்றதா, முறிந்ததா?

விடை: வழி திறந்தவர் தகப்பன்தான். கரையான் தொடாத கதவு, திருநாள் முடிந்து கொடி இறங்குமுன்பே கழன்றுவிட்டது. அன்று அம்மா விரதம் தொடங்கவில்லை, அண்ணன் புறப்படவில்லை, மகன் குடியையே விடவில்லை. சத்தியமும் நின்றது, திறக்கக் கதவு இருந்தால்தானே! மற்ற மூவர் செய்ததும் வீண் அல்ல. திறந்து கிடக்கும் வாசலுக்கும் யாராவது நடந்து வந்தாக வேண்டும். வேதத்தில் ஊதாரி மகன் கதையில் வரும் தகப்பன், மகன் தொலைவில் வரும்போதே கண்டுகொண்டான் என்று வாசிக்கிறோம். அப்படியானால், மகன் வருந்தத் தொடங்குமுன்பே தகப்பன் அந்த வழியைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறான். கரையான் என்று சொன்ன பொய்யைத் தொம்மந்திரை பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னாரா என்பது மட்டும் தெரியவில்லை. அந்த வீட்டுக்கு இன்றுவரை கதவு போடவில்லை.