ஏர்கன்னின் வாயை அடைக்க வந்தவர்

"பாய், இதோட வாயை அடைச்சுக் குடுங்க."

அர்த்தநாரி ஏர்கன்னை மேஜைமேல் வைத்தார்.

ராசிபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஜக்கரியா பாய்க்கு ஒரு கடை. தையல் மிஷின், பம்ப் ஸ்டவ், ஏர்கன், மூன்றும் ரிப்பேர் பார்ப்பார். அர்த்தநாரிக்குத் துப்பாக்கி பிடிக்கக் கற்றுக் கொடுத்தவரும் அவர்தான். குருவைவிடச் சிஷ்யனுக்கு எட்டு வயது கூடுதல். இருக்கட்டுமே, தெரிந்தவன்தான் வாத்தியார்.

"எதுக்குங்கண்ணா அடைக்கணும்?"

"கத்துது."

"துப்பாக்கி கத்தாம பாட்டா பாடும்?"

அர்த்தநாரி சிரிக்கவில்லை. சிரிக்கிற நிலைமையில் அவர் இல்லை.

அவர் நாட்டுக்கோழிக் குஞ்சு வளர்க்கிறவர். ஷெட்டில் எலி புகுந்துவிட்டது. தினம் நாலைந்து குஞ்சைக் கழுத்தில் கடித்து இழுத்துக்கொண்டு போகும். மருந்து வைக்கலாம் என்றால் குஞ்சு கொத்திவிடும். பொறி வைத்தால் அந்த எலிகள் பொறியைச் சுற்றிக்கொண்டு போயின. பொறுக்க மாட்டாமல் போன மாதம் ஒரு சாயங்காலம் ஏர்கன்னை எடுத்துச் சுட்டார்.

"எலி விழுந்துச்சுங்களா?"

"விழுந்துச்சு பாய். ஒரே ரவை."

"அப்புறம் என்ன?"

"சத்தம் கேட்டு அத்தனை குஞ்சும் ஒரே மூலைக்கு ஓடி, ஒண்ணுமேல ஒண்ணு ஏறிக்கிச்சு. நான் போய் விலக்கறதுக்குள்ள அடியில இருந்ததெல்லாம் மூச்சு முட்டி..."

இரண்டு கையையும் கூடை மாதிரி குவித்துக் காட்டினார்.

"நூத்தி எழுபது பாய். கூடையில அள்ளறப்போ இன்னும் சூடு ஆறலை."

பாய் கையிலிருந்த ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்தார்.

"இப்போ புது பேட்ச் இறக்கியிருக்கேன். மூவாயிரம் குஞ்சு. இதுவும் போச்சுன்னா ஷெட்டைப் பூட்டிட்டு மச்சான் மில்லுல வாட்ச்மேனா நிக்க வேண்டியதுதான். அந்த ஆளுக்கு நான் சல்யூட் வைக்கறதுக்குச் செத்துப் போலாம்."

சொல்லிவிட்டுப் பையிலிருந்து ஒன்றை எடுத்தார். ஒரு முழம் பிவிசி பைப். உள்ளே மெத்தைப் பஞ்சு அடைத்திருந்தது.

"செல்போன்ல பார்த்துச் செஞ்சேன். சைலன்சர். மாட்டினா கோணிக்குது. நீங்க ஒழுங்கா ஒண்ணு செஞ்சு குடுங்க."

பாய் அதைத் தொடவில்லை.

"அண்ணா, இதை நீங்க கொண்டு வரலை. நான் பார்க்கலை. பையில போடுங்க."

"ஏன் பாய்? ஏர்கன்னுக்கே லைசென்ஸ் வேண்டாங்கறாங்க. அதோட வாயில மாட்டற குழாய்க்கு என்ன வந்துச்சு? ரெண்டு வக்கீலைக் கேட்டுட்டுத்தான் வந்தேன்."

"என்ன சொன்னாங்க?"

"ஒருத்தர் தாராளமா மாட்டுங்கறார். இன்னொருத்தர், குழாய் மட்டும் தனியா கையில இருந்தாலே கம்பி எண்ணணுங்கறார்."

"ரெண்டாவது ஆள் பேச்சைக் கேளுங்க."

"ஏன்?"

"எலி சுடற துப்பாக்கின்னு பார்த்தாலே தெரியும். குழாயைப் பார்த்தா என்ன தெரியும்? இதுல மாட்டறது நாளைக்கு வேற எதுலயாவது மாட்டும். ஸ்டேஷன்ல இருக்கறவர் உங்க எலியையா பார்ப்பார்? குழாயைத்தான் பார்ப்பார். மாட்டலாம்னு எழுத்துல வாங்கிட்டு வாங்க. நானே செஞ்சு தர்றேன்."

அர்த்தநாரிக்குக் கோபம் வந்தது.

"சட்டம் கிடக்கட்டும் பாய். பிரயோஜனம் உண்டா இல்லையா, அதைச் சொல்லுங்க."

பாய் எழுந்தார். கடைக்குப் பின்னால் சந்தில், மண்மூட்டைக்கு முன்னால் ஒரு பழைய தகரத்தைச் சாய்த்து வைத்தார். ரவை போட்டுச் சுட்டார்.

"எத்தனை சத்தம்?"

"ஒண்ணு."

மறுபடி சுட்டார்.

"ஒண்ணுதான் பாய். இல்ல... ரெண்டோ?"

"கண்ணை மூடிக்கங்க."

மூன்றாவது தடவை சுட்டார்.

"மூணு! அட, மூணு பாய்!"

அர்த்தநாரி கண்ணைத் திறந்து துப்பாக்கியைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார். இருபது வருஷமாகச் சுடுகிறார். இத்தனை நாளும் அவருக்கு அது ஒரே சத்தம்.

"உள்ள ஸ்பிரிங் அடிக்கறது ஒண்ணு. வாயில காத்து வெடிக்கறது ஒண்ணு. ரவை போய்ப் படறது ஒண்ணு. உங்க குழாய் நடுவுல இருக்கறதை மட்டும் கொஞ்சம் தின்னும். பிரயோஜனமே இல்லைன்னு சொன்னா பொய். மிச்சம் ரெண்டை என்ன பண்ணுவீங்க?"

பாய் கடையைச் சாத்தினார்.

"வாங்க, ஷெட்டைப் பார்க்கலாம்."

வீட்டு கேட்டிலேயே அர்த்தநாரி உதட்டில் விரலை வைத்துவிட்டார். செருப்பைக் கழற்றச் சொன்னார். கேட் சங்கிலிக்குப் பழைய வேட்டியைக் கிழித்துச் சுற்றியிருந்தது.

அவர் சம்சாரம் செல்லாயி அடிக்குரலில் வரவேற்றாள்.

"வாங்க பாய். ரேடியோவைப் பரண்மேல போட்டாச்சுங்க. நாயைத் தம்பி ஊட்டுக்கு அனுப்பியாச்சு. பாருங்க, என் வளையலைக்கூடக் கழட்ட வெச்சுட்டாரு. ஒரு மாசமா ஊமை ஊடாட்டம் இருக்கு."

"ச்சூ!" என்றார் அர்த்தநாரி.

தன் ஷெட்டுக்குள்ளேயே திருடன் மாதிரி கதவை நீக்கி நுழைந்தார். பாயும் செல்லாயியும் பின்னால் போனார்கள்.

மஞ்சள் பல்புகளுக்குக் கீழே மூவாயிரம் குஞ்சுகள் உமியைக் கிளறிக்கொண்டிருந்தன. உமித் தூசி எழுந்தது. அது பாய் மூக்கில் ஏறியது.

பாய் அடக்கிப் பார்த்தார். அது அடங்குகிற சமாச்சாரமா?

தும்மினார்.

மூவாயிரமும் ஒரே மூலைக்குப் பாய்ந்தன. மூன்று பேரும் விழுந்தடித்து ஓடி, இரண்டு கையாலும் வாரி வாரி இந்தப் பக்கம் விட்டார்கள். செல்லாயி "சாமி, சாமி" என்று அழுதுகொண்டே வாரினாள். கடைசியில் அடியில் நாலு குஞ்சு அசையாமல் கிடந்தன.

வெளியே வந்து பாய் தரையில் உட்கார்ந்துவிட்டார். உள்ளங்கையில் ஒரு செத்த குஞ்சு. முகம் வெளிறியிருந்தது. 

"அண்ணா, என் மூக்குக்கு எந்தக் குழாயை மாட்டுவீங்க?"

அர்த்தநாரி விழித்தார்.

செல்லாயி எழுந்து வீட்டுக்குள் போனாள். வரும்போது இரண்டு கையிலும் வளையல் குலுங்கியது. புருஷன் "ச்சூ" என்றதை அவள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

"தீனி வைக்கறதுக்கு முந்திக் கதவைத் தட்டுங்க" என்றார் பாய். "இன்னிக்கு ஒத்த விரலால. ரெண்டு நாள் போனா கரண்டியால. அப்புறம் தட்டத்துல. கொஞ்சங்கொஞ்சமா ஏத்துங்க. தட்டுங்க, தீனி வைங்க. அவ்வளவுதான்."

"எலி?"

"துப்பாக்கி என்கிட்ட இருக்கட்டும்."

"எலிக்கு என்ன வழின்னு கேட்டேன் பாய்!"

"குஞ்சு சத்தத்துக்குப் பழகற வரைக்கும் தின்னும்."

"தின்னட்டும்னு கை கட்டி நிக்கச் சொல்றீங்களா?"

"ஆமாங்கண்ணா."

அர்த்தநாரி பல்லைக் கடித்தார். அன்றைக்குத் தட்டினார், ஒரு விரலால்.

எலி தினம் தின்றது. காலையில் அது கடித்துப் போட்டதைப் பொறுக்கும்போதெல்லாம் பாயைத் திட்டினார். வாய்க்கு வந்ததையெல்லாம் திட்டினார். இந்த மனுஷன் பேச்சைக் கேட்டுக் குடி முழுகப் போகிறது என்று செல்லாயியிடம் சொல்லிச் சொல்லி அரற்றினார். ஆனால் தட்டுவதை விடவில்லை. விரல் போய்க் கரண்டி வந்தது. கரண்டி போய்த் தாம்பாளம் வந்தது. அப்புறம் எண்ணெய் டின்னும் கட்டையும்.

இருபதாம் நாள் சாயங்காலம் பாய் வந்தார். கேட் சங்கிலியில் துணி இல்லை. ரேடியோவில் யாரோ உரம் போடுவதைப் பற்றி உரக்கப் பேசிக்கொண்டிருந்தார். செல்லாயி பால்காரரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

பாய் துப்பாக்கியை நீட்டினார். அது பழைய துப்பாக்கியேதான், வாயில் எதுவும் மாட்டவில்லை.

"உள்ள வாங்க. சுடுங்க."

"நானா?"

"எலி யாரோடது?"

கதவுக்குப் பக்கத்தில் நின்றார்கள். குஞ்சுகள் வளர்ந்து, அவற்றுக்கு இறக்கை முளைத்துவிட்டது. எதிர்ச்சுவர் உச்சியில் எலி வந்து உட்கார்ந்து, கீழே எதை எடுக்கலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தது. அர்த்தநாரி துப்பாக்கியைத் தூக்கினார்.  இறக்கிவிட்டார்.

"வேண்டாம் பாய். அன்னிக்கு நூத்தி எழுபது. கூடையில சூடு..."

"சுடுங்கண்ணா."

"மூவாயிரம் உசுரு பாய்!"

"சுடுங்க."

சுட்டார்.

மூன்று சத்தமும் கேட்டது. எலி சுவருக்கு அந்தப் பக்கம் விழுந்தது. அதை யாரும் பார்க்கவில்லை. அர்த்தநாரி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டிருந்தார்.

உமியில் கால்கள் ஓடும் சத்தம். ஆயிரம் ஆயிரமாகக் கால்கள்.

அந்தச் சத்தம் அவருக்குத் தெரியும். "போச்சு" என்றார். "எல்லாம் போச்சு."

புறங்காலில் ஏதோ மெத்தென்று பட்டது.

கண்ணைத் திறந்தார்.

மூலையில் ஒன்றுகூட இல்லை. ஷெட்டின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி வரைக்கும் அத்தனையும் அவரை நோக்கி ஓடி வந்துகொண்டிருந்தன. இறக்கையை விரித்துக்கொண்டு, விழுந்து எழுந்து, ஒன்றை ஒன்று முந்திக்கொண்டு. வந்தவை அவர் காலைச் சுற்றி நின்றன. பின்னால் வந்தவை அவற்றைச் சுற்றி நின்றன. மூவாயிரம் கழுத்து நிமிர்ந்து, மூவாயிரமும் அவர் முகத்தையே பார்த்தன.

அர்த்தநாரிக்கு மயிர்க்கால் சிலிர்த்தது. கால் விரலைக்கூட அசைக்கப் பயமாயிருந்தது. கையில் துப்பாக்கி இன்னும் இருப்பது அப்போதுதான் ஞாபகம் வந்து, அதைப் பின்னால் மறைத்துக்கொண்டார். ஏன் மறைத்தார் என்று அவருக்கே தெரியவில்லை.

"பாய்... இதுங்க துப்பாக்கிகிட்ட வருதுங்க."

 பாய் கண் கலங்கியிருந்தது.

"ஓடாம நிக்கும்னுதாங்கண்ணா நெனச்சேன்" என்றார். "இதை நான் நெனைக்கவே இல்லை. அல்லா சத்தியமா நெனைக்கலை."

இரண்டு பேரும் கோவிலில் நிற்பதுபோல நின்றார்கள். ஒரு குஞ்சு அர்த்தநாரியின் வேட்டி நுனியைக் கொத்தி இழுத்தது.

"இப்போ என்ன பாய் பண்றது?" என்று மெல்லக் கேட்டார்.

"கூப்பிட்டுட்டீங்க" என்றார் பாய். "தீனியை எடுங்க."