சாய்த்து வைத்த குழாய்கள்

சுடலைமுத்துவுக்கு நாற்பத்தியாறு வயது. இருபது வருடம் கல்லூரியில் விலங்கியல் நடத்திய பிறகு, முனைவர் பட்டத்துக்காக நிலோபரிடம் மாணவராகச் சேர்ந்தார். நிலோபர் அவரைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். ஆகையால் குரு சீடரை "சார்" என்றும் சீடர் குருவை "மேடம்" என்றும் அழைத்தார்கள். துறையில் இதைச் சொல்லிச் சிரிக்காதவர் இல்லை.

ஆராய்ச்சி பழ ஈக்களைப் பற்றியது. அழுகிய வாழைப்பழத்தை மொய்க்குமே, அந்தப் பொடி ஈதான். கண்ணாடிக் குழாய்க்குள் சாராய ஆவியைச் செலுத்தினால் சில சீக்கிரம் விழும், சில வெகுநேரம் தாக்குப்பிடிக்கும். நேரத்தைக் குறித்து, அதற்குக் காரணமான மரபணுவைத் தேட வேண்டும்.

முதல் வாரத்தில் சுடலைமுத்து ஒரு தப்புச் செய்தார். விழுந்த ஈக்களைத் தீனிக் குழாயில் போட்டு, குழாயை நிமிர்த்தி வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். அடியில் இருந்த ஈரக் கூழில் ஒட்டிக்கொண்டு அத்தனையும் மயக்கத்திலேயே செத்துப்போயின.

நிலோபர் கோபிக்கவில்லை. ஒரு குழாயைப் படுக்கை வாட்டில் வைத்துக் காட்டினார்.

"எழுந்து நடக்கிற வரைக்கும் இப்படி, சார்."

அதன்பின் இரண்டு வருடத்தில் ஒரு ஈயைக்கூட சுடலைமுத்து அப்படிச் சாகவிடவில்லை. மற்ற மாணவர்கள் மறந்தால் அவர்களை உண்டு இல்லை என்று பண்ணிவிடுவார்.

அவர் இந்த ஆராய்ச்சிக்கு ஏன் வந்தார் என்று யாரிடமும் சொன்னதில்லை. ஒரு வியாழக்கிழமை மத்தியானம் நிலோபரிடம் சொன்னார். அன்றுதான் கணக்கு தெளிவாக வந்திருந்தது. ஒரு வம்சத்து ஈக்கள் மற்றவற்றைவிடப் பாதி நேரத்தில் விழுந்தன. அவற்றின் பிள்ளைகளும் அப்படியே விழுந்தன.

"ரத்தத்துலேயே இருக்கு மேடம்," என்றார்.

பிறகு தம்பி இசக்கியைப் பற்றிச் சொன்னார். பத்து வருடக் குடி. நூறு தடவை தூக்கிக்கொண்டு வந்து கிடத்தியிருக்கிறார். நூற்றியோராவது தடவை, பட்டப்பகலில், இசக்கி வாசலில் மல்லாந்து கிடந்தான். சுடலைமுத்துவுக்கு அலுத்துப்போயிருந்தது. தாண்டிக்கொண்டு கல்லூரிக்குப் போய்விட்டார். சாயங்காலம் வந்து பார்த்தபோது, வாந்தி தொண்டையில் அடைத்துத் தம்பி செத்திருந்தான்.

இசக்கியின் மனைவி காந்திமதி ஒரே ஒரு தடவை கேட்டாள், நீங்கள் போகும்போது அவர் அங்கே கிடந்தாரா என்று. பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டார். அந்தப் பொய்யோடு ஆறு வருடமாக அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் இருக்கிறார்.

"இப்பமாவது அவ கிட்ட உண்மையைச் சொல்லிருவேன் மேடம். ஆனா கூடவே இதையும் சொல்லணும். பிறவியிலேயே உள்ளது, என்னால ஒண்ணும் செஞ்சிருக்க முடியாதுன்னு. அப்படிச் சொல்லலாம்லா?"

நிலோபருக்கு ஆமாம் என்று சொல்லிவிடத்தான் ஆசை. அந்த முகத்தைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் அவர் மேசையைப் பார்த்தார். காலையில் விழுந்த ஈக்களின் குழாய்கள் அங்கே வரிசையாகப் படுத்திருந்தன. இத்தனை பதற்றத்திலும் சுடலைமுத்து ஒன்றைக்கூட நிமிர்த்தி வைக்கவில்லை.

"இதை எல்லாம் யாரு சார் சாய்ச்சு வச்சது?"

"நாந்தான்."

"எதுக்கு?"

"நிமிந்து இருந்தா மயக்கத்துலயே செத்துரும் மேடம்."

நிலோபர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு வருடத்தில் அதுதான் முதல் தடவை.

"எந்த மரபணுன்னு தெரிஞ்ச பிறகா சார் சாய்ச்சு வச்சீங்க?"

சுடலைமுத்து நாற்காலியை மேசைப் பக்கம் இழுத்துப் போட்டு, கடைசி ஈ எழுந்து நடக்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார்.