மின்னல் கேட்ட பங்கு

அந்தக் காலத்தில் காக்கைக்கும் தவளைக்கும் மனிதரோடு பேச்சுவார்த்தை இருந்தது. கம்பியில்லாமல் பேசும் பெட்டியும் அப்போதுதான் வந்து, காக்கை, தவளை, படகு என்று எல்லாரிடமும் ஒன்று இருந்தது. ஓர் இரும்புக் கம்பத்தை நட்டு, பெட்டியின் முன்னால் வாயைத் திறந்தால் போதும், குரல் வானத்தில் ஏறிக் கடல் தாண்டிப் போகும். ஆனால் வானத்தில் குரல் போவதற்கு ஒரே ஒரு பாதைதான் இருந்தது. பேசுகிறவர்கள் எல்லாரும் அதற்குள்தான் முண்டியடிக்க வேண்டும்.

கடலோரத்து மணல்மேட்டில் வியாகுலம் என்ற பெண் ஒரு பெட்டியோடு உட்கார்ந்திருந்தாள். தத்தளிக்கும் படகு கூப்பிட்டால் கேட்டு வழி சொல்வது அவள் வேலை. கேட்க விட்டால்தானே?

விடிந்ததும் காக்கை செய்தி சொல்லத் தொடங்கிவிடும். எந்த வீட்டில் என்ன குழம்பு, எந்த இலையில் என்ன மிச்சம் என்று ஒன்று விடாது. அது மூச்சு வாங்குவதற்குள் குளத்துத் தவளை கச்சேரியைப் பிடித்துக்கொள்ளும். பாட்டு ஒரே வரிதான், ஆனால் முடியவே முடியாது. இரண்டுக்கும் நடுவில் புகுந்து, தன் உப்பைப் போல வெள்ளை உப்பு உலகத்திலேயே இல்லை என்று கூவுவார் வியாபாரி மாடசாமி.

“அண்ணாச்சி, கொஞ்சம் சும்மா இருங்க. படகு கூப்பிடுதான்னு கேக்கணும்.”

“நான் பேசுனா உனக்கு என்னம்மா? வானம் உங்க அப்பன் சொத்தா?”

“பிடிக்கலைன்னா காதைப் பொத்திக்கோ” என்றது காக்கை.

காதைப் பொத்திக்கொண்டு படகை எப்படிக் கேட்பதாம்! வியாகுலம் பல்லைக் கடித்துக்கொள்வாள்.

ஒருநாள் நண்பகலில் வானம் கரிச்சட்டி போலக் கறுத்தது. காற்று மணலை வாரி இறைத்தது. அவள் தம்பி தொம்மை ஐந்து பேரோடு காலையிலேயே கடலுக்குப் போயிருந்தான். வியாகுலம் பெட்டியில் காதை ஒட்டவைத்தாள்.

“மேலத்தெருவில் இன்று அயிரை மீன் குழம்பு...”

“கொர்ர்... கொர்ர்...”

“அக்கா...”

“...மல்லிகைப் பூ மாதிரி உப்பு!”

‘அக்கா’ என்றது தொம்மையின் குரல்தான். அடுத்த சொல்லை உப்பு விழுங்கிவிட்டது.

“காக்கா, என் தம்பி கூப்பிடுதான், நிறுத்து!” என்று அலறினாள்.

“இதோ, இந்த ஒரு செய்தி.”

“அண்ணாச்சி!”

“முதல்ல அந்தத் தவளையை நிறுத்தச் சொல்லு.”

“காக்கை நிறுத்தட்டும், நான் நிறுத்துகிறேன்” என்றது தவளை.

யார் முதலில் நிறுத்துவது என்று மூவரும் சண்டை பிடித்தார்கள். அந்தச் சண்டையும் அதே பாதையில்தான் நடந்தது. முன்பு இருந்ததைவிட இரைச்சல் இரண்டு மடங்காகியது.

வியாகுலம் மழைக்குள் ஓடிவந்து வானத்தைப் பார்த்தாள். கம்பத்துக்கு நேர் மேலே மின்னல் நெளிந்துகொண்டிருந்தது.

“ஏ மின்னலே! இந்தப் பாதையைக் கீறி ஆளுக்கு ஒண்ணாப் பிரிச்சுப் போடு. இவங்களை அடக்க என்னால ஆகலை.”

“கீறலாம். எனக்கு என்ன பங்கு?”

தம்பி சாகக் கிடக்கும்போது இது பேரம் பேசுகிறதே என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“ஏதாவது ஒண்ணை எடுத்துக்கோ.”

“ஒன்று போதாது. எல்லாவற்றிலும் பேசுவேன், நினைத்தபோதெல்லாம்.”

வாயை மூடாத கூட்டத்தில் இன்னும் ஒன்றா? இது பின்னால் என்ன பாடு படுத்தும் என்று வியாகுலத்துக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் கடல் பொங்கிக்கொண்டிருந்தது.

“பேசித் தொலை!” என்றாள்.

மின்னல் ஒரே வீச்சாக வீசியது. பாதை நூறு கீற்றாகக் கிழிந்தது. அவள் உள்ளே ஓடிப் பெட்டியின் கம்பிச் சுருளை மெல்ல நகர்த்தினாள். காக்கை வந்தது. இன்னும் நகர்த்தினாள். உப்பு வந்தது. இன்னும் கொஞ்சம். ஒரே அமைதி. அதற்குள்ளிருந்து தொம்மை பேசினான்.

“அக்கா! பாய்மரம் ஒடிஞ்சுட்டு. எந்தப் பக்கம் துடுப்பு போட?”

“தெக்க போகாதல, பாறை கெடக்கு! வடக்க...”

கரகரகரவென்று மின்னல் குறுக்கே பேசியது.

“தெக்கயா?”

“இல்லல! வட...”

கரகர.

“உன் வாயில மண்ணு விழ!” என்று மின்னலைத் திட்டிவிட்டு, மூச்சு விடாமல், “வடக்கு, வடக்கு, வடக்கு!” என்று கத்தினாள். முதல் சொல்லையும் கடைசிச் சொல்லையும் மின்னல் தின்றது. நடுவில் நின்றது தப்பிப் போய்த் தொம்மையின் காதில் விழுந்தது.

மழை விட்டபோது ஆறு பேரும் வடகரையில் கால் வைத்தார்கள். தொம்மை சொட்டச் சொட்ட மேடேறி வந்தான்.

“ஏன்க்கா அந்தக் கத்து? காது வலிக்கி.”

அவனை அடிக்கக் கையை ஓங்கிய வியாகுலம், அப்படியே கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். பெட்டி பின்னால் கரகரத்துக்கொண்டே இருந்தது.

அன்று முதல்தான் வானொலியில் ஆளுக்கோர் இடம் அமைந்தது. வேண்டிய குரலை நாம் திருகித் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. ஆபத்தில் சிக்கிய கடலோடி ஒரே சொல்லை மும்முறை சொல்லிக் கூப்பிடுகிறான். மின்னல் மட்டும், யார் என்ன பேசினாலும், வாங்கிய வாக்கை இன்றுவரை விட்டுக்கொடுப்பதாக இல்லை.