மலைக்கு அந்தப் பக்கத்து வெயில்

மேற்கு மலையின் அடிவாரத்தில், காலை வெயில் முதலில் வந்து விழும் பக்கத்தில், ஒரு காடு இருந்தது. அந்தக் காட்டில் ஓர் ஓடை. ஓடைக்கரையில் எறும்புகளின் பெரிய புற்று. புற்றுக்குப் பக்கத்தில் ஒற்றைப் பனைமரம்.

அந்தப் பனையின் உச்சியில் கார்வண்ணன் என்ற தகைவிலான் குருவி வேலை பார்த்து வந்தது.

என்ன வேலை? வானம் பார்க்கிற வேலை! விடிந்ததும் உயரப் பறந்து கிழக்குக் கடல் பக்கம் பார்க்கும். வருவது மழை மேகமா, வெறும் காற்றா என்று தெரிந்துகொள்ளும். பிறகு பனையில் வந்து உட்கார்ந்து கூவும்.

"இன்னிக்கு வெயில்! முட்டையைக் காயப் போடலாம்!"

இல்லையென்றால், "இன்னிக்கு மழை! எல்லாரும் உள்ளேயே இருங்க!"

கார்த்திகை மாதம் முழுக்கப் புற்றுக்குள் ஈரம் ஊறிக் கிடக்கும். முட்டைகளில் பூஞ்சை பிடித்துவிடும். அதனால் வெயில் அடிக்கிற நாளில் எறும்புகள் முட்டைகளையெல்லாம் தூக்கிக்கொண்டு போகும். ஓடைக்கு நடுவில் ஒரு தட்டைப் பாறை உண்டு. அதற்குப் போக ஒரு காய்ந்த குச்சிதான் பாலம். பாறையில் முட்டைகளுக்குச் சூடு காட்டி, பொழுது சாய்வதற்குள் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கும்.

மழை வந்தால் ஓடை பொங்கும். பாறை முழுகிவிடும். ஆகவே கார்வண்ணன் சொல்லும் ஒரு சொல்லை நம்பித்தான் அந்தப் புற்றின் பிள்ளைகள் அத்தனையும் இருந்தன.

பதிலுக்கு எறும்புகள் நல்ல களிமண்ணாகப் பார்த்து உருட்டி உருட்டிக் கொடுக்கும். கார்வண்ணன் அதில் கூடு கட்டிக்கொள்ளும். வேலைக்குச் சேர்ந்த அன்று ராணி எறும்பு இரண்டே பேச்சுதான் பேசியது. "எங்களைத் தின்னக் கூடாது. பனை உச்சியில இருந்துதான் பார்த்துச் சொல்லணும்."

"சரிங்க ராணியம்மா!" என்றது கார்வண்ணன்.

அந்த வருஷம் கார்வண்ணனின் மனைவி நீலி தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தது. தாய்வீடு மலைக்கு அந்தப் பக்கம். அது வேறு காடு, வேறு ராஜ்ஜியம். ஒருநாள் நீலியிடமிருந்து சேதி வந்தது. "மூணு முட்டை இட்டிருக்கேன். குஞ்சு வெளியே வரும்போது நீங்க பக்கத்துல இருக்கணும்."

அதற்குப் பிறகு கார்வண்ணனுக்குப் பனையில் இருப்புக் கொள்ளவில்லை. நண்பன் கரிச்சானைக் கூப்பிட்டது. கரிச்சான் ரெட்டைவால் குருவி. யார் குரலைக் கேட்டாலும் அப்படியே அச்சு அசலாகத் திருப்பிச் சொல்லிவிடும்.

"மச்சான், நீ எனக்கு ஒரு உதவி செய்யணும்."

"சொல்லுடா!"

"நான் மாமியார் வீட்டுக்குப் போறேன். தினம் விடியறதுக்கு முன்னாடி நீ கணவாய்க்கு வந்து நில்லு. நான் கூட்டு வாசல்ல இருந்து கூவறேன். நீ கேட்டுக்கிட்டு வந்து பனையில உட்கார்ந்து என் குரல்லயே சொல்லிடு. எறும்புங்க எங்கே அண்ணாந்து பார்க்கப் போகுது?"

"ராணியம்மாகிட்டக் கேட்டியா?"

"கேட்டா விட மாட்டாங்க."

"வானத்தை அங்கே இருந்து எப்படிடா பார்ப்பே?"

"வானம் எல்லா இடத்துலயும் ஒண்ணுதானே மச்சான்!"

கரிச்சான் வாலை ஆட்டியது. "சரி. சொன்னதைச் சொல்றேன். ஒரு எழுத்துக் கூட்ட மாட்டேன், ஒரு எழுத்துக் குறைக்க மாட்டேன். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லாதே!"

கார்வண்ணன் பறந்தது. கணவாயில் ஓர் ஆலமரம். அதில் அந்தக் காட்டின் காவலாக இருவாச்சிப் பறவை ஒன்று உட்கார்ந்திருந்தது. அதன் மூக்கு பெரிது. கேள்வி சிறிது.

"விருந்தா, வேலையா?"

கார்வண்ணன் எச்சில் விழுங்கியது. "விருந்துதாங்க!"

"வேலைன்னா, வேலை கொடுத்தவங்க சம்மதம் வேணும். எங்ககிட்டயும் சொல்லணும்."

"விருந்துதாங்க, விருந்துதாங்க!" என்று இரண்டு தரம் சொல்லிவிட்டு உள்ளே போனது.

மாமியார் வீடு அருவிப் பாறையின் இடுக்கில் இருந்தது. நீலி முட்டைகளின் மேல் உட்கார்ந்தபடியே சிரித்தது. மாமியாருக்குத் தலைகால் புரியவில்லை. "மாப்பிள்ளே வந்தாச்சு! மாப்பிள்ளே வந்தாச்சு!" என்று கொசுவும் ஈயுமாகப் பிடித்துவந்து குவித்தது.

மறுநாள் விடியலில் கார்வண்ணன் தலையை வெளியே நீட்டி மேலே பார்த்தது. வானம் கழுவி விட்டாற்போல இருந்தது. "இன்னிக்கு வெயில்! முட்டையைக் காயப் போடலாம்!" என்று கூவியது. கணவாயில் நின்ற கரிச்சான் கேட்டுக்கொண்டு பறந்தது.

அன்று இந்தப் பக்கமும் வெயில்தான். எறும்புகள் முட்டைகளைக் காயப் போட்டு எடுத்தன. எல்லாம் நல்லபடியாக நடந்தது.

"பார்த்தியா! இதுக்குப் போய்க் கேட்கணுமா?" என்றது கார்வண்ணன் நீலியிடம்.

"கேட்காம வந்தீங்களா?" என்றது நீலி. அதன் முகம் வாடிவிட்டது. "ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்திருக்கலாமே! அவங்களும் முட்டை வச்சிருக்கிறவங்கதானே!"

கார்வண்ணன் திரும்பி உட்கார்ந்து கொசுவைத் தின்றது.

இரண்டாம் நாள் பனையிலிருந்து வந்த குரலில் ஒரு சத்தம் சேர்ந்து வந்தது. "இன்னிக்கு வெயில்! முட்டையைக் காயப் போடலாம்! ஷ்ஷ்ஷ்ஷ்ஷ்!"

புற்றின் வாசலில் கங்காணி எறும்பு முத்தக்கா நின்று வேலை ஏவிக்கொண்டிருந்தது. "என்ன இது, கார்வண்ணனுக்குச் சளி பிடிச்சிருக்கா?" என்றது.

"பனையோலைச் சத்தமா இருக்கும் அக்கா!" என்றது ஒரு வேலைக்கார எறும்பு.

அது அருவிச் சத்தம் என்று யாருக்குத் தெரியும்? கரிச்சான் ஓர் எழுத்துக் குறைக்க மாட்டேன் என்று சொல்லியிருந்ததே!

மூன்றாம் நாள் குரலோடு ஒரு கொட்டாவியும் வந்தது. அன்றும் வெயில்தான். நான்காம் நாளும் அப்படியே. கார்வண்ணனுக்குத் தைரியம் வந்துவிட்டது. உயரப் பறந்து பார்க்கும் எண்ணமே அதற்கு வரவில்லை. இடுக்கிலிருந்து தலையை நீட்டி, தெரிந்த அளவு வானத்தைப் பார்த்தே கூவியது.

ஐந்தாம் நாள் விடியலில் முட்டைக்குள்ளிருந்து 'டொக் டொக்' என்று சத்தம் கேட்டது. கார்வண்ணன் பரபரப்பில் அரைக் கண்ணால் வானத்தைப் பார்த்துவிட்டுக் கூவியது. பின்னால் மாமியார் இரைந்தது. அத்தனையையும் கேட்டுக்கொண்டு கரிச்சான் பனைக்கு வந்து உட்கார்ந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு ஒப்பித்தது.

"இன்னிக்கு வெயில்! முட்டையைக் காயப் போடலாம்! மாப்பிள்ளே, கொசு ஆறிப்போகுது, வந்து சாப்பிடுங்க கேட்டோ!"

எறும்புகள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தன. சிரித்துக்கொண்டே முட்டைகளைத் தூக்கிக்கொண்டு குச்சிப் பாலத்தில் வரிசையாக நடந்தன. பாறை வெள்ளை வெளேரென்று நிறைந்தது.

ராணி எறும்பு புற்றின் அடியறையில் காலை வேண்டுதலை முடித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு நாளும் அது இதைத்தான் வேண்டிக்கொள்ளும். 'கடவுளே, வெளியே போன பிள்ளைங்க எல்லாம் பத்திரமா உள்ளே வரணும்.'

முத்தக்கா சிரிப்போடு உள்ளே வந்தது. "ராணியம்மா, கேட்டீங்களா கூத்தை! கார்வண்ணன் இன்னிக்குப் பலகுரல்ல பேசறான். 'மாப்பிள்ளே, கொசு ஆறிப்போகுது, சாப்பிடுங்க கேட்டோ'ன்னு!"

ராணி எறும்பு சிரிக்கவில்லை. "என்ன சொன்னே? கடைசியில என்ன?"

"கேட்டோ!"

"நம்ம பக்கத்துல யாரு 'கேட்டோ'ன்னு பேசறா?"

முத்தக்கா யோசித்தது. "யாரும் இல்லையே... மலைக்கு அந்தப் பக்கம்தான் அப்படிப் பேசுவாங்க."

"கார்வண்ணனோட மாமியார் வீடு எங்கே?"

"மலைக்கு அந்தப்..." முத்தக்காவின் உணர்கொம்பு இரண்டும் விறைத்து நின்றன.

"அப்ப அவன் இன்னிக்குப் பார்த்தது யாரோட வானம்?" என்றது ராணி எறும்பு.

முத்தக்கா திரும்பி ஓடியது. வாசலுக்கு வந்து மூச்சு வாங்கக் கிழக்கே பார்த்தது. மரங்களுக்கு மேல் வானம் மை பூசினாற்போல இருந்தது. ஈரக் காற்று முகத்தில் அடித்தது.

"எடுங்க! முட்டையை எடுங்க! ஒண்ணு பாக்கி இல்லாம எடுங்க!"

எறும்புகள் ஓடின. ஒரு முட்டைக்கு ஓர் எறும்பு என்று கவ்விக்கொண்டு பாலத்தில் விரைந்தன.

அதே நேரத்தில் மலைக்கு அந்தப் பக்கம் முதல் குஞ்சு ஓட்டை உடைத்துக்கொண்டு வெளியே வந்தது. கார்வண்ணனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. விர்ரென்று மேலே கிளம்பியது. அருவியைத் தாண்டி, மரங்களைத் தாண்டி, மலை முகட்டுக்கும் மேலே போய் ஒரு வட்டம் போட்டது.

அங்கிருந்து கிழக்கே திரும்பிப் பார்த்தது. மாமியார் வீட்டுப் பக்கம் பளபளவென்று வெயில். எறும்புகளின் பக்கம் கடலிலிருந்து மலை வரைக்கும் கருமேகம்!

"ஐயோ! அவங்க முட்டை!"

கார்வண்ணன் அம்பு போல இறங்கியது. பாதி வழியிலேயே மழை பிடித்துக்கொண்டது. ஓடைக்கு வந்தபோது தண்ணீர் சுழித்து ஓடிக்கொண்டிருந்தது. குச்சிப் பாலத்தை வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. பாறையில் கடைசியாக நாற்பது எறும்புகள், ஆளுக்கு ஒரு முட்டையோடு ஒண்டி நின்றன. தண்ணீர் ஏறிக்கொண்டே வந்தது.

கார்வண்ணன் ஒரு நீளமான பனை ஈர்க்கை மூக்கால் கவ்வி எடுத்தது. காற்று இழுத்தது. ஈர்க்கு இரண்டு தரம் நழுவி விழுந்தது. மூன்றாம் தரம் அதன் ஒரு முனையைப் பாறையில் வைத்தது. மறுமுனையைத் தன் காலால் கரையோடு சேர்த்து அழுத்திக்கொண்டு நின்றது.

"வாங்க! சீக்கிரம் வாங்க!"

நாற்பது எறும்புகளும் ஈர்க்கின் மேல் நடந்து, கார்வண்ணனின் கால் மேலேயே ஏறிக் கரைக்கு வந்தன. கடைசி எறும்பு இறங்கியதும் பாறை முழுகியது.

கடவுள் புண்ணியத்தில் ஒரு முட்டைகூடப் போகவில்லை.

மழை விட்டதும் ராணி எறும்பு வாசலுக்கு வந்தது. கார்வண்ணன் நனைந்த சிறகோடு தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றது. பக்கத்தில் கரிச்சான்.

"வேலையை விட்டு நிறுத்துங்க ராணியம்மா!" என்று முத்தக்கா குதித்தது. "இவன் கொசு தின்ன நேரத்துல நம்ம பிள்ளைங்க ஆத்தோட போயிருக்கும்!"

ராணி எறும்பு கார்வண்ணனைப் பார்த்தது. "ஏன் சொல்லாமப் போனே?"

"கேட்டா விட மாட்டீங்கன்னு நினைச்சேன்."

"நீ கேட்டியா?"

"இல்லைங்க."

"நான் மாட்டேன்னு சொன்னேனா?"

"இல்லைங்க."

"அப்ப என் பதிலையும் நீயே சொல்லிக்கிட்டே!"

கார்வண்ணன் கண்ணில் நீர் வந்தது. "தப்புதாங்க. என் முட்டையைப் பார்க்கப் போய் உங்க முட்டையை மறந்துட்டேன்."

கரிச்சான் மெதுவாக வாயைத் திறந்தது. "நான் கேட்டதைத்தாங்க சொன்னேன்..."

"நல்லவேளை, மாமியாரையும் விடாமச் சொன்னே!" என்றது ராணி எறும்பு. முத்தக்காவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"குஞ்சு வந்தாச்சா?" என்று கேட்டது ராணி எறும்பு.

"ஒண்ணு வந்தாச்சு. இன்னும் ரெண்டு இருக்குங்க."

"மலை முகட்டுல இருந்து பார்த்தா நம்ம கடல் தெரியுதா?"

"பனையில இருந்து பார்க்கிறதைவிட நல்லாத் தெரியுதுங்க! இன்னிக்குத்தான் பார்த்தேன்."

"இதை முதல்லயே வந்து கேட்டிருந்தா, ரெண்டு பேருமா உட்கார்ந்து பேசி அன்னிக்கே இந்த வழியைக் கண்டுபிடிச்சிருப்போம். சரி, குஞ்சுங்க பறக்கிற வரைக்கும் அங்கேயே இரு. தினம் முகட்டுக்கு ஏறி நம்ம வானத்தைப் பார்த்துச் சொல்லு. கரிச்சானும் இங்கே ஒரு தரம் அண்ணாந்து பார்த்துட்டுத்தான் கூவணும். திரும்பி வந்த பிறகு ஒரு மாசத்துக்கு, தினம் காலையில முத்தக்கா பனை ஏறி உன் கால் விரலைத் தொட்டுப் பார்ப்பா. நீ இருக்கியான்னு!"

"கடிச்சும் பார்ப்பேன்!" என்றது முத்தக்கா.

"பாருங்க அக்கா, தாராளமாப் பாருங்க!" என்றது கார்வண்ணன்.

ராணி எறும்பு ஒரு பனையோலைத் துண்டை எடுத்து அதன் ஓரத்தில் மூன்று தரம் கடித்துக் கொடுத்தது. அதுதான் சம்மதத்தின் அடையாளம்.

கணவாயில் இருவாச்சிப் பறவை மூக்கை நீட்டியது. "விருந்தா, வேலையா?"

கார்வண்ணன் இந்தத் தடவை எச்சில் விழுங்கவில்லை. "ரெண்டும்தாங்க! போன தடவை பொய் சொல்லிட்டேன், மன்னிச்சுக்குங்க. இதோ ராணியம்மாவோட சம்மதம். நீங்களும் சரின்னு சொன்னா தினம் காலையில முகட்டுல நின்னு வானம் பார்ப்பேன்."

இருவாச்சி ஓலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. மூன்று கடியையும் எண்ணிப் பார்த்தது. "போ, போ. உன் மாமியார் காலையில இருந்து கொசுவை வச்சுக்கிட்டு உன்னைத் தேடுது!" என்று வழி விட்டது.

கார்வண்ணன் கூட்டுக்குள் நுழைந்தபோது இரண்டாவது முட்டையில் 'டொக் டொக்' என்று சத்தம் கேட்டது. நீலி தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தது. அன்று சாப்பிட்ட கொசு கார்வண்ணனுக்கு நிம்மதியாக இறங்கியது.

குழந்தைகளே, எவ்வளவு தூரத்தில் இருந்து வேண்டுமானாலும் வேலை பார்க்கலாம், ஆனால் நம்மை நம்பி வேலை கொடுத்தவரிடம் எங்கே இருக்கிறோம் என்பதை மறைக்காமல் கேட்டுவிட்டுப் போனால்தான் அந்த வேலையும் நிலைக்கும், நம் மனசும் நிம்மதியாக இருக்கும்.