வெட்டி எழுதிய விரியன்

அந்தக் காலத்தில், கொம்புவிரியனுக்கும் வாய்ப்பேச்சு இருந்தபோது, நைல் ஆற்றங்கரையில் சென்பி என்றொருவன் இருந்தான். எழுத்தைக் கண்டுபிடித்தவன் அவன்தான். ஒலிக்கு ஓர் உருவம் வேண்டுமென்று ஆந்தையைக் கேட்டான், கழுகைக் கேட்டான். கொடுத்தன. மகள் நோஃப்ரெத்தின் பெயரில் வரும் 'ஃப' ஒலிக்கு மட்டும் உருவம் வாய்க்கவில்லை.

கடைசியில் கொம்புவிரியன் மணலிலிருந்து தலையை நீட்டி, என் உடம்பை எடுத்துக்கொள், ஆனால் தலை முதல் வால் வரை குறையில்லாமல் வரைய வேண்டும் என்றது. சென்பி சத்தியம் செய்து கொடுத்தான். அதன்பின் இருவரும் நல்ல சிநேகிதர்கள்.

ஒருநாள் உச்சிவெயிலில் நோஃப்ரெத் ஆற்றுக்குப் போனாள். மணலுக்குள் படுத்திருந்த விரியனைத் தெரியாமல் மிதித்துவிட்டாள். வீடு வந்து சேரவில்லை.

உடல் கெடாமலிருக்க எழுபது நாள் அவளை உப்பில் கிடத்தினார்கள். எழுபதாம் நாள் சவப்பெட்டியின் உட்புறம் பெயர் எழுதியாக வேண்டும். பெயர் இல்லாத பிணத்தை மறு உலகில் யாரும் கூப்பிட மாட்டார்கள்; அவள் இரண்டாம் முறையும் செத்துப்போவாள். ஆனால் மூடியை மூடியதும் உள்ளே எழுதியதெல்லாம் உயிர்பெற்று எழுந்துவிடும். அது அன்று எல்லோருக்கும் தெரியும்.

விரியன் வாசலில் வந்து கிடந்தது. ஆள் யாரென்று பார்ப்பதற்குள் பல் இறங்கிவிட்டது என்று அழுதது.

"பெட்டிக்குள் எழுந்தால் மறுபடியும் கடிப்பாயா?" என்று மட்டும் சென்பி கேட்டான்.

"மேலே பட்டால் கடிப்பேன். அது என் கையில் இல்லை" என்றது, கையே இல்லாத அந்தப் பாவப்பட்ட ஜீவன். பிறகு, "சத்தியம் செய்திருக்கிறாய், சென்பி" என்றது.

சென்பி நாணல் எழுதுகோலை மையில் தோய்த்தான். கொம்போடு தலையை வரைந்தான். ஒரு விரல் இடம் வெறுமையாக விட்டான். அப்புறம் உடம்பை வரைந்தான். அவன் கை நடுங்கவே இல்லை. சாகும்வரை அவனை உறுத்தியது அதுதான்.

வாசலில் விரியன் அவனைக் கூப்பிட்டது. "சென்..." என்பதோடு குரல் அறுந்தது. அவன் எழுந்து போய்ப் பார்க்கவில்லை.

அன்று முதல்தான் கல்லறைகளில் விரியனைத் துண்டாக்கி எழுதும் வழக்கம் வந்தது. அன்று முதல்தான் கொம்புவிரியனும் பேச்சற்றுப்போய், ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பதைப்போல, தன் உடம்பைத் தன் உடம்போடே உரசிக் கரகரத்துக்கொண்டு கிடக்கிறது.