குருவம்மாள் காது வாங்கினாள்

"இவ்வளவு விலையில இது தேவைதானாம்மா?" என்று கேட்டார் தில்லைநாயகம்.

குருவம்மாள் கையை உயர்த்தி அவரை நிறுத்தினாள்.

"இருங்கய்யா. அது என்ன சத்தம்?"

"எது?"

"சொட்டு சொட்டுன்னு."

"பின்னால குழாய் ஒழுகுதும்மா."

"எத்தனை நாளா?"

"ரெண்டு வருஷம் இருக்கும்."

"யாரும் எங்கிட்டச் சொல்லலையே?"

தில்லைநாயகம் தயங்கினார். "அந்தச் சத்தத்தையெல்லாம் நீங்க கடந்துட்டீங்கன்னு நெனச்சோம்."

"கடக்கலை. கேக்கலை."

அவளுடைய இரண்டு காதுகளிலும் மொச்சைக் கொட்டை அளவில் ஒரு மிஷின் உட்கார்ந்திருந்தது.

அவள் பெயர் பிறந்தபோதே குருவம்மாள்தான். யாரும் கொடுத்த பட்டம் இல்லை. பதினாறு வயதில் நூற்பாலையில் சேர்ந்தவள். முப்பது வருஷம் ஸ்பின்னிங்கில், காதைச் செவிடாக்கும் இரைச்சலில் நின்றாள். மில்லை மூடிய பிறகு, அதன் மதிலை ஒட்டி ஓர் ஓட்டுக் கொட்டகை போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள்.

மனசு சரியில்லாத இரண்டு பேர் வந்து எதிரில் உட்கார்ந்து பேசினார்கள். முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல் கேட்டாள். அவர்கள் பேச்சை அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை.

அடுத்த வாரம் இருபது பேர் வந்தார்கள்.

அவள் அதிகம் பேசமாட்டாள். கேட்டதற்கு ஒரு வரி. சில சமயம் அதுவும் கிடையாது, ஒரு கைச்சாடையோடு சரி. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அதை யோசித்துக்கொண்டே போவார்கள்.

தில்லைநாயகம் தாலுகா ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவளைவிட இரண்டு வயது மூத்தவர். பதினோரு வருஷமாக அவள் சொன்னதையெல்லாம் நோட்டில் எழுதி, கீழே பொருளும் எழுதி வந்தார். ஒன்பது நோட்டு ஆகியிருந்தது. வருகிற சித்திரையில் புத்தகமாகப் போடுவதாக இருந்தார்.

மில் மூடியபோது கிடைத்த பணத்தைக் குருவம்மாள் தொட்டதே இல்லை. போன வாரம் மதுரைக்குப் போய், அது முழுவதையும் கொடுத்துவிட்டு, இரண்டு காதுகளோடு திரும்பி வந்தாள்.

"இவ்வளவு செலவு பண்ணினதுல வருத்தம் இல்லையாம்மா?"

"இருக்கு."

தில்லைநாயகம் பேனாவைத் திறந்தார்.

"பத்து வருஷம் முந்தியே வாங்கியிருக்கணும்."

அவர் பேனாவை மூடினார்.

ஞாயிற்றுக்கிழமை என்பதால் பத்துப் பதினைந்து பேர் வந்திருந்தார்கள். அவர்களைப் பார்த்துக் குருவம்மாள் சொன்னாள்.

"போன மாசம் ஒரு பொண்ணு வந்துச்சு. முக்கால் மணி நேரம் அழுதுச்சு. முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டே பேசுச்சு. உதடு தெரியலை. உதடு தெரியாட்டி எனக்கு ஒண்ணும் தெரியாது. வழக்கம்போலத் தலையை ஆட்டினேன். கும்பிட்டுட்டுப் போயிருச்சு."

தன் முந்தானையால் வாயைப் பொத்திக் காட்டினாள்.

"அது என்ன கேட்டுச்சோ. நான் எதுக்குச் சரின்னேனோ."

எல்லோரையும் ஒரு தடவை சுற்றிப் பார்த்தாள்.

"அதனால, இதுவரைக்கும் எங்கிட்டக் கேட்டதை எல்லாரும் இன்னொரு தடவை கேளுங்க."

தையல் கடை வைத்திருக்கும் ராஜகனிதான் முதலில் எழுந்தாள்.

"மனசு ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குதேன்னு கேட்டேம்மா. நீங்க வாயால ஒண்ணும் சொல்லலை. இப்படிக் காட்டினீங்க."

இடது உள்ளங்கைமேல் வலது கையைக் கவிழ்த்து, ஒரு திருகு திருகித் தூக்கிக் காட்டினாள்.

கொட்டகையில் எல்லோருக்கும் தெரிந்த சாடை அது. தில்லைநாயகம் அதற்குத் திறவுகோல் முத்திரை என்று பெயர் வைத்திருந்தார். 'உன்னுள் மூடியிருப்பதை நீயே திற' என்று நான்காவது நோட்டில் மூன்று பக்கம் எழுதியிருந்தார்.

"அதை நெனச்சுத்தாம்மா தினமும் விடியக்காலம் அரை மணி நேரம் உட்காருறேன்," என்றாள் ராஜகனி.

குருவம்மாள் அந்தக் கையையே பார்த்தாள்.

"மில்லுக்குள்ள மிஷின் ஓடுறப்போ பேச்சு எடுபடாது தாயி. எல்லாம் கைதான். இது தூக்குச்சட்டி மூடியைத் திறக்கிறது. சாப்பிட்டாச்சான்னு கேட்டிருக்கேன்."

"சாப்பிட்டாச்சான்னா?"

"அன்னைக்கு ரொம்ப வாடிப்போய் வந்திருப்பே."

ராஜகனிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சாப்பிடாமத்தாம்மா வந்திருந்தேன்," என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். தில்லைநாயகம் மட்டும் சிரிக்கவில்லை. அந்த மூன்று பக்கத்தை என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

மத்தியானத்துக்குள் எல்லோரும் கேட்டுவிட்டுப் போனார்கள். சிலருக்குப் பதில் மாறியது. ஒருவர் கோபித்துக்கொண்டு போனார். பழைய பதிலே நன்றாக இருந்ததாம்.

"நீங்க கேக்கலையே அய்யா?"

"எனக்கு வேணாம்மா. எனக்கு நீங்க சொன்னது சரியான பதில். முதல் நோட்டு, முதல் பக்கம். அதைக் கேட்டுத்தான் நான் இங்கேயே தங்கிட்டேன்."

"இருக்கட்டும். கேளுங்க."

தில்லைநாயகம் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எனக்கு ஒரே தம்பி. சிதம்பரநாதன்னு பேரு. அவனும் இந்த மில்லுலதான் இருந்தான்."

"எந்த டிபார்ட்மெண்ட்?"

"கார்டிங்."

"அங்கே எங்களைவிடச் சத்தம். சொல்லுங்க."

"அப்பா படுக்கையில கிடந்தார். முதுகெல்லாம் புண். ராத்திரி பகல் தூக்கம் கிடையாது. அவரோட கடைசிக் காரியத்துக்குன்னு நாங்க ரெண்டு பேரும் பணம் போட்டு வெச்சிருந்தோம். இவன் அதை எடுத்துட்டுப் போய், காத்தடிச்ச மெத்தை ஒண்ணை வாங்கிட்டு வந்துட்டான். தானா ஏறி இறங்குமாம். புண்ணு வலிக்காதாம். விலையைக் கேட்டேன். எனக்குத் தலை சுத்திருச்சு."

"அப்புறம்?"

"செத்தா எதை வெச்சுடா எடுப்பேன்னு கேட்டேன்."

"அவரு என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லலை. அப்பா அதுல ஒன்பது நாள் இருந்தார். ஒன்பது நாளும் குறட்டை விட்டுத் தூங்கினார்னு அவன் பெண்டாட்டி சொன்னா."

"நீங்க பார்க்கலையா?"

"நான்தான் கோவிச்சுக்கிட்டு வெளியே வந்துட்டேனே."

"நீங்க அதைக் கேக்கும்போது உங்க அப்பா எங்கே இருந்தாரு?"

"மெத்தையிலதான்."

"அவருக்குக் காது கேக்குமா?"

பின்னால் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

தில்லைநாயகம் அவசரமாக நோட்டைப் புரட்டினார்.

"காரியம் முடிஞ்சு அவன் எங்கூடப் பேசலை. அப்போதான் உங்ககிட்ட வந்தேன். தம்பியை என்ன செய்யன்னு கேட்டேன். நீங்க சொன்னதை அப்படியே எழுதி வெச்சிருக்கேன்."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார்.

"'கெடக்கட்டும். சாக்கைப் போட்டு மூடி வைங்க. வேணும்னா பெறகு பார்த்துக்கலாம். துருப்பிடிச்சிருந்தா தொடாதீங்க. கையைக் கிழிச்சிரும்.'"

வாசித்துவிட்டு நிமிர்ந்தார். எத்தனையோ தடவை வாசித்த வரிகள். ஒவ்வொரு தடவையும் உடம்பு சிலிர்க்கும்.

குருவம்மாள் நெற்றியைச் சுருக்கினாள்.

"சாக்கைப் போட்டு மூடி வைங்க. இது நான் கம்பிக்குச் சொன்னதாச்சே?"

"எந்தக் கம்பி?"

"சமையல்கட்டு கட்டி மிஞ்சின கம்பி. அந்த மூலையில கெடந்துச்சு. கம்பியை என்ன செய்யன்னு நீங்கதானே கேட்டீங்க?"

"தம்பின்னு கேட்டேம்மா."

குருவம்மாள் சத்தம் வராமல் உதட்டை மட்டும் அசைத்துப் பார்த்தாள். தம்பி. கம்பி. தம்பி.

"உதட்டுல ரெண்டும் ஒண்ணுதான்," என்றாள். "அதுலயும் உங்க மீசை வேற. பாதி உதட்டை மூடிருக்கு."

தில்லைநாயகம் நோட்டை மடியில் போட்டார்.

"பதினோரு வருஷம்மா!"

"ம்."

"அவன் மகன் கல்யாணத்துக்குப் பத்திரிகை வெச்சான். வாசல்ல வந்து நின்னான். நான் உள்ளே இருந்துக்கிட்டே இல்லைன்னு சொல்லச் சொன்னேன். கெடக்கட்டும்னு நீங்க சொன்னீங்களேன்னு. அவனுக்கு ஆபரேஷன் நடந்தப்போ ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் போய்த் திரும்பி வந்தேன். தொடாதீங்கன்னு நீங்க சொன்னீங்களேன்னு. காது கேக்காதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்லியிருக்கணும். எல்லாரும் அவ்வளவு மரியாதையாப் பார்த்தாங்க. சொல்ல வெக்கமா இருந்துச்சு. என் தப்புதான்."

அவள் அவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்வாள் என்று அவர் நினைக்கவில்லை.

"நான் அதைச் சொன்னப்போ கையை எந்தப் பக்கம் காட்டினேன்?" என்று கேட்டாள் குருவம்மாள்.

தில்லைநாயகம் யோசித்தார். யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

"சமையல்கட்டுப் பக்கம்."

"நீங்க திரும்பிப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"அங்கே என்ன கெடந்துச்சு?"

"கம்பி."

"அன்னைக்குச் சாயங்காலம் அந்தக் கம்பிமேல சாக்குப் போட்டது யாரு?"

தில்லைநாயகம் அந்த மூலையைப் பார்த்தார். கம்பி இப்போது அங்கே இல்லை. என்றைக்கோ பழைய இரும்புக்காரன் எடுத்துப் போய்விட்டான். ஆனால் சாக்கின் கனமும் அதிலிருந்து பறந்த சிமெண்ட் தூசியும் அவருக்கு ஞாபகம் இருந்தன. பறக்காமல் இருக்க நான்கு பக்கமும் கல் வைத்ததும் ஞாபகம் இருந்தது.

"நான்தான்," என்றார்.

"எனக்குத்தான்யா காது கேக்கலை," என்றாள் குருவம்மாள். "உங்களுக்கு நல்லாக் கேட்டுச்சு."

வெகுநேரம் அவர் நோட்டின் முதல் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய கையெழுத்து அழகாக இருந்தது. பொருளுக்கு மட்டும் சிவப்பு மையில் அடிக்கோடு போட்டிருந்தார்.

"சரிம்மா. இப்போ கேக்கிறேன்," என்றார்.

குருவம்மாள் இரண்டு காதுகளிலிருந்தும் மிஷினைக் கழற்றினாள். சிறிய டப்பாவுக்குள் வைத்து மூடினாள். பிறகு, பழையபடியே அவர் முகத்தைப் பார்த்தாள்.

"கேளுங்க."

அவர் வாயைத் திறந்தார். மூடினார். எழுந்து செருப்பைத் தேடினார்.

ஒன்பது நோட்டும் அங்கேயே கிடந்தன.

கோவில்பட்டிக்கு முக்கால் மணி நேரம். பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் தில்லைநாயகம் நின்றுகொண்டே போனார்.

தம்பி வீட்டு முன்கதவு வெறுமனே சாத்தியிருந்தது. தள்ளிக்கொண்டு போனார். கூடத்தில் யாரும் இல்லை. பின்வாசலில், வேப்பமர நிழலில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. முதுகைக் காட்டிக்கொண்டு சிதம்பரநாதன் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது.

"தம்பி," என்றார் தில்லைநாயகம்.

முதுகு அசையவில்லை.

"தம்பி!"

கீரை உருவும் கை நிற்கவில்லை.

கேட்டும் கேட்காத மாதிரி இருக்கிறான் என்று நினைத்தார். திரும்பிப் போய்விடலாம் என்றுகூட ஒரு கால் பின்னால் போனது. நியாயம்தானே என்று தோன்றியது. அவரும் அதைத்தானே செய்திருந்தார்.

தலைக்குமேலே ஒரு காக்கை கத்து கத்தென்று கத்தியது. சிதம்பரநாதன் அதற்கும் நிமிரவில்லை.

தில்லைநாயகம் சுற்றிக்கொண்டு போய், தம்பியின் முன்னால் நின்றார்.

சிதம்பரநாதன் தலையைத் தூக்கினார். முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல் பார்த்தார். பார்வை மெல்ல இறங்கி அண்ணனின் உதட்டில் வந்து நின்றது. அது ஏதாவது சொல்லும் என்று காத்திருந்தார்.

பதினோரு வருஷமாகத் தில்லைநாயகம் எழுதிய எந்தப் பக்கத்திலும் இதற்கு ஒரு வரி இல்லை.

சிதம்பரநாதன் மடியிலிருந்த கீரையைக் கீழே வைத்தார். இடது உள்ளங்கையை நீட்டினார். அதன்மேல் வலது கையைக் கவிழ்த்தார். ஒரு திருகு திருகித் தூக்கினார்.

தில்லைநாயகம் இரண்டு விரலால் மீசையை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"இன்னும் இல்லடா," என்றார்.